99.6 சதவீதம் மருத்துவமனைப் பிரசவம் என்றால், ஏற்றத்தாழ்வு எங்கே இருக்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2 ஜூன் 2025

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனைகளில் நடக்கின்றன. பரிசோதனை இலவசம், 108 இலவசம், பிரசவம் இலவசம், அதற்கு மேல் 18,000 ரூபாயும் கையில் கொடுக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் இங்கே தாய் சேய் நலச் சேவையில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று எழுதுகிறவர்கள், பீகாரை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊரைப் பற்றி எழுதுகிறார்களா?

3 ஜூன் 2025

நான் தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்து, பகுதி சுகாதாரச் செவிலியராக ஓய்வு பெற்றவள். வேலையில் சேர்ந்த புதிதில், வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவங்களைப் பிறகு போய்ப் பதிவேட்டில் எழுதுவதுதான் என் வேலையில் பெரும்பகுதியாக இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தொடங்கிய பிறகு அது எப்படி மாறியது என்பதைக் கண்ணால் பார்த்தவள் என்பதால், அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. 2018-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தார்கள். அதே கணக்கில் கேரளத்தில் 19 பேர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பீகாரைப் பார்த்து நிம்மதி அடையும் நாம், பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

99.6 என்ற எண், பிள்ளை எந்தக் கூரைக்குக் கீழே பிறந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தப் பெண் எத்தனையாவது மாதத்தில் முதன்முதலாக இரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள், வலி வந்த பிறகு எத்தனை இடங்களுக்கு அனுப்பப்பட்டாள், பணம் எப்போது வந்தது என்ற எதுவும் அதில் இல்லை. பாதி வழியில் வண்டியிலேயே பெற்றவள் வந்து கட்டிலில் படுத்ததும், அது மருத்துவமனைப் பிரசவமாகப் பதிவேட்டில் ஏறுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

3 ஜூன் 2025, இரவு

18,000 ரூபாய் கையில் கொடுக்கிறார்கள் என்பது சரியல்ல. ரொக்கம் 14,000 ரூபாய். மீதி 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பு. பெட்டகத்தில் சத்துமாவு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், நெய் முதலியவை இருக்கும். அந்த நெய்யில் கர்ப்பிணியின் வயிற்றுக்குள் போனது எவ்வளவு, மாமியார் வீட்டுப் பொங்கலுக்குள் போனது எவ்வளவு என்று எந்தக் கணக்கெடுப்பும் இதுவரை கேட்டதில்லை.

5 ஜூன் 2025

பணத்தைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஏற்றத்தாழ்வை அங்கேதான் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று வளர்ந்தது. இன்றைய முறையில் ரொக்கம் மூன்று தவணைகளாக வருகிறது: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபின் 6,000, குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் 2,000. கூலி வேலைக்குப் போகிறவள் கடைசி மாதங்களில் வேலையை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து நன்றாகச் சாப்பிட வேண்டும், இழந்த கூலிக்கு இந்தப் பணம் ஈடாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

நோக்கம் நிறைவேற வேண்டுமானால் பணம் உரிய மாதத்தில் வர வேண்டும். வருவதற்கு ஆதார், வங்கிக் கணக்கு, பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் கணினிப் பதிவு ஆகிய மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். நம் பெண்களுக்கு ஆதாரில் அப்பாவின் முதலெழுத்து இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு திறந்த வங்கிக் கணக்கில் கணவரின் முதலெழுத்து இருக்கும். இரண்டையும் ஒன்றாக்குவதற்கு இ-சேவை மையம், வங்கி, மறுபடியும் இ-சேவை மையம் என்று அலைய வேண்டும், ஒவ்வொரு நாள் அலைச்சலுக்கும் ஒரு நாள் கூலி போக வேண்டும். அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவரின் மருமகளுக்கு இது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடுகிறது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிறவள், பிள்ளை தவழத் தொடங்கிய பிறகும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு வந்து நிற்பாள். கடைசியில் பணம் வரும்போது அது பேறுகாலத்தில் வாங்கிய கடனை அடைக்கத்தான் பயன்படும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். பெண் புகுந்த ஊரில் பதிவு செய்துகொண்டு, ஏழாம் மாதம் வளையல் போட்டதும் பிறந்த ஊருக்குப் போய்விடுகிறாள். இரண்டு ஊர் செவிலியர்களும் கணினியில் அவளை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதில் தாமதம் நேர்ந்தால் தவணை நின்றுவிடும், கடைசி மாதப் பரிசோதனைகள் இரண்டு ஊரிலும் எழுதப்படாமல் போகும். நம் ஊர்ப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவரும் ஒரு காரியத்தை விதிவிலக்காகக் கருதும் மென்பொருளை வடிவமைத்தவர், தன் வீட்டுப் பெண்கள் எங்கே பிள்ளை பெற்றார்கள் என்று ஒருமுறை விசாரித்திருக்கலாம்.

9 ஜூன் 2025

மூன்றாவது குழந்தையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிதியுதவி முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான், அதுவும் 19 வயது நிரம்பியவர்களுக்குத்தான். மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டம் இதைவிடக் கறாரானது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பொதுவாக 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று சொன்னது. 2017இல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது அது முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாயாகச் சுருங்கியது. பிறகு இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 என்று சேர்த்தார்கள்.

மூன்றாவது முறை கர்ப்பமாகிறவள் யார் என்பதை வீடுவீடாகப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றை இழந்தவள், ஆண் பிள்ளைக்காக மாமியார் வற்புறுத்தியவள், அல்லது கருத்தடைக்கு வந்தபோது இரத்தம் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டவள். அவள் உடம்பில் இரத்தமும் குறைவு, பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்தும் அதிகம். யாருக்குச் சத்துணவு அதிகம் தேவையோ அவளுக்கே உதவியை நிறுத்திவிடுகிறோம். மூன்றாவது என்று தெரிந்தால் பணம் கிடையாது என்று ஊரெல்லாம் அறிந்திருப்பதால், அவள் பதிவுக்கே பிந்தி வருகிறாள். பணத்தோடு பரிசோதனையும் போய்விடுகிறது.

கடந்த மே 23 அன்று, தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருந்ததைக் காட்டி, மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு அவருக்கு மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்டிருந்தது. மகப்பேறு விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று சொல்லி, விடுப்பு தர நீதிமன்றம் உத்தரவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் மாதச் சம்பளம் இல்லாதவளின் மூன்றாவது பிள்ளைக்கு வழக்குப் போட்டு வாதாட எந்தச் சங்கம் இருக்கிறது? தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதம், முழுச் சம்பளத்தோடு. அதே ஊரில் களையெடுக்கப் போகிறவளுக்கு மூன்று தவணைகளில் 14,000. அரசு ஊழியருக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சலுகையில் அன்றைய அளவுக்கு நானும் பயன்பெற்றவள்தான்.

10 ஜூன் 2025

"அடுத்தடுத்துப் பெற்றுக்கொண்டது அவர்கள் தவறு, அதற்கு அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்" என்று எழுதியவருக்கு: தவறு என்றே வைத்துக்கொண்டாலும், வயிற்றில் இருப்பது அந்தத் தவறைச் செய்யவில்லை.

20 ஜூன் 2025

மலையைப் பற்றி எழுத வேண்டும். சாலையில்லாத ஊர்களிலிருந்து கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்கி வருவதைப் படமெடுத்துப் போட்டால் இரண்டு நாள் பேச்சாக இருக்கும், பிறகு மறந்துபோகும். டோலி என்பது ஏற்றத்தாழ்வின் கண்ணுக்குத் தெரிகிற பகுதி. கண்ணுக்குத் தெரியாத பகுதி, அவள் கீழே வந்து சேர்ந்த பிறகு நடப்பது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் பார்ப்பார்கள். அறுவை சிகிச்சைக்கும் இரத்தம் ஏற்றுவதற்கும் சீமாங்க் என்ற அவசரப் பேறுகாலச் சிகிச்சை மையம் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கேயும் முடியாதென்றால் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் "ரெஃபர்" என்று எழுதிக் கொடுப்பவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தாய் இறந்தால் தணிக்கை உண்டு, விளக்கம் கேட்பார்கள்; தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆராயும் முறை இருப்பது மிக நல்லதுதான். ஆனால் அந்தப் பயத்தினாலேயே, தன்னால் பார்க்கக்கூடிய பிரசவத்தையும் மேலே அனுப்பிவிட்டால் போதும் என்ற மனநிலை வந்துவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் இரத்தம் நிற்காதவளுக்கு மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம்தான் இருக்கும், அதில் பெரும்பகுதி வண்டியில் போகிறது. நகரத்தில் இருப்பவளையும் மேலே அனுப்பத்தான் செய்கிறார்கள், ஆனால் அவளுக்கு அது கால் மணி நேரப் பயணம்.

என் பகுதியை ஒட்டிய சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் இடையில் சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் 1993இல் அங்கே வந்து ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் செய்ததில் முக்கியமானது மருத்துவமனைக் கட்டடம் அல்ல. அந்த மலையாளிப் பழங்குடிப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துச் செவிலியர்களாகவும் ஊர்ப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். என்னைப் போல் கீழேயிருந்து போன செவிலியருக்கு, மாலைப் பேருந்தைப் பிடித்து இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் மதியத்திலேயே வந்துவிடும். அந்த ஊர்ப் பெண்ணுக்கு இறங்க வேண்டிய ஊரே கிடையாது. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது விதி. மலையில் அந்த 3,000 பேர் எத்தனை குன்றுகளில் பரவியிருக்கிறார்கள் என்பது விதியில் இல்லை.

28 ஜூன் 2025

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். மலைக் கிராமங்களிலும், கீழே பல ஊர்களிலும் 16, 17 வயதில் கல்யாணம் நடக்கிறது. அந்தப் பெண் கர்ப்பமானால், 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. செவிலியருக்கும் இது பொருந்தும். அவள் மருத்துவமனைக்கு வந்தால் மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், கணவன் கைதாவான், வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் உள்ளே போய்விடுவான். ஒரு வீட்டில் இது நடந்தால் சுற்றியுள்ள பத்து ஊர்களுக்கும் செய்தி போய்விடும். அடுத்த பெண் எட்டாம் மாதம் வரை ஒளிந்திருப்பாள். வந்தாலும் வயதைக் கூட்டிச் சொல்லுவாள், இல்லையென்றால் வரவே மாட்டாள். வளராத இடுப்பு, குறைந்த இரத்தம், ஏறும் இரத்த அழுத்தம் என்று ஆபத்துகள் எல்லாம் இருக்கிற பெண்ணை, சட்டம் ஆஸ்பத்திரி வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது.

2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் குறிப்பிடத் தேவையில்லை என்று சொன்னது. பிரசவத்துக்கு வருகிறவளுக்கு அந்த நிழல் கிடையாது.

29 ஜூன் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் சட்டமே வேண்டாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்ல என்னால் முடியாது. 14 வயதுப் பெண்ணைக் கர்ப்பமாக்கிவிட்டுச் சொந்தக்காரன் என்று கூடவே வந்து நின்றவனையும் நான் பார்த்திருக்கிறேன். அவன் உள்ளே போனது இந்தச் சட்டத்தினால்தான். இரண்டையும் ஒரே தாளில் எழுதி ஒரே காவல் நிலையத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்பதுதான் என் முறையீடு. பிரித்துப் பார்க்கும் பொறுப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்கே தெளிவில்லை. செவிலியரிடம் கொடுத்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள் அவள் வாயை அடைத்துவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது.

6 ஜூலை 2025

பிரசவ அறைச் செலவைப் பற்றிக் கேட்டவருக்கு. 2011 முதல் நடப்பில் உள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, இரத்தம், சாப்பாடு, போகவர வண்டி எல்லாமே இலவசம். நடைமுறையில் குழந்தையைக் கொண்டுவந்து காட்ட ஒரு தொகை, சக்கர நாற்காலி தள்ள ஒரு தொகை, துணி மாற்ற ஒரு தொகை. ஆணாக இருந்தால் ஒரு விலை, பெண்ணாக இருந்தால் ஒரு விலை என்பதைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். என் உறவுக்காரப் பெண்ணின் பிரசவத்துக்கு ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, நான் சுகாதாரத் துறையில் வேலை பார்ப்பவள் என்று தெரிந்ததும் எங்களிடம் வாங்காமல் விட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரரிடம் வாங்கினார்கள். எனக்கு விட்டுக்கொடுத்ததையும் அவரிடமே வசூலித்துவிட்டார்களோ என்ற சந்தேகம் இன்றும் இருக்கிறது.

பணத்தைவிட மோசமானது பேச்சு. வலியில் கத்துகிறவளைப் பார்த்துச் சொல்லப்படும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நல்ல சேலை கட்டியவளிடம் அந்த வார்த்தைகளைப் பேச மாட்டார்கள். பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் துணையிருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளாக இருக்கிறது. அதை உண்மையாகக் கடைப்பிடிக்கும் இடங்களில் வார்த்தையும் குறைகிறது, வசூலும் குறைகிறது.

7 ஜூலை 2025

ஒரு சேர்க்கை. பெற்ற கையோடு, கேட்காமலேயே காப்பர்-டி வைத்து அனுப்புவதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியது. வைத்திருப்பதே தெரியாமல், மாதக்கணக்கில் வயிற்றுவலி என்று என்னிடம் வந்த பெண்கள் உண்டு. தனியார் மருத்துவமனையில் பெற்ற ஒருத்தியும் இந்தப் புகாரோடு என்னிடம் வந்ததில்லை.

15 ஜூலை 2025

செங்கல் சூளைகளைப் பற்றி என் தங்கை மகள் சொன்னதை எழுதுகிறேன். அவளும் இதே வேலையில் திருவள்ளூர்ப் பக்கம் இருக்கிறாள். ஒடிசாவின் பலாங்கீர்ப் பக்கத்திலிருந்து மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு வருகிறார்கள், கோடை முடிவில் திரும்புகிறார்கள். அந்த ஆறேழு மாதத்தில் கர்ப்பமாக இருப்பவள் தன் ஊர்ப் பதிவிலும் இல்லை, இங்கேயும் இல்லை. செவிலியரின் குடும்பப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லாததால், விடுபட்டவர்கள் பட்டியலில்கூட அவள் வருவதில்லை. அட்டையில் விவரம் எழுத மொழி தெரியாது, மொழி தெரிந்த மேஸ்திரியோ ஆள் வேலையை விட்டுப் போய்விடக்கூடாது என்று பார்ப்பவர். பிக்மி எண் இல்லாவிட்டால் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதும் சிக்கலாகும். இவ்வளவுக்கும் நடுவில் வாரம் ஒருமுறை சூளைக்கே போய் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வருகிற செவிலியர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் நல்ல மனத்தால் நடக்கிறது. ஆள் மாறினால் நின்றுவிடும்.

24 ஜூலை 2025

அரசு மருத்துவமனைதான் இப்படி, தனியாருக்குப் போகிறவர்களுக்குக் குறையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதே ஐந்தாவது கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசு மருத்துவமனைகளில் 36. பணம் இருப்பவளுக்குத் தேவையில்லாமல் கத்தி, மலையில் இருப்பவளுக்குத் தேவைப்படும் நேரத்தில் கத்தி எட்டாத தூரம். கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. 99.6ஐ மேற்கோள் காட்டியவர் அந்தப் பக்கத்தையும் படித்திருக்கலாம்.

சமுதாய வளைகாப்பைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறார். கலவை சாதம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். மேடையில் பேச்சு முடிவதற்குள் ஆறிவிடும் என்பதைத் தவிர வேறு குறையில்லை.

2 ஆகஸ்ட் 2025

மலைப்பகுதியில் புதிதாகச் சேர்ந்த ஒரு செவிலியர் கேட்டிருக்கிறார்: பிரசவக் காத்திருப்பு அறை கட்டி வைத்திருக்கிறோம், தேதிக்குப் பத்து நாள் முன்பே வந்து தங்கச் சொன்னாலும் வர மறுக்கிறார்கள், எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது?

ஒப்புக்கொள்ள வைப்பதற்கு முன் ஏன் மறுக்கிறாள் என்று கேளுங்கள். என்னிடம் சொன்ன காரணங்கள் மூன்றுதான்: ஆட்டை யார் பார்ப்பது, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, கூட வந்து தங்கும் அம்மாவுக்குச் சோறு யார் போடுவது. ஆட்டுக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற இரண்டுக்கும் முடியும். கர்ப்பிணிக்கு மட்டும் சாப்பாடு என்று இருப்பதைத் துணைக்கு வருகிறவருக்கும் மூத்த குழந்தைக்கும் சேர்த்துத் தரும்படி, உங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து செய்ய முடியுமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள், அது நடக்காது. அறையின் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் ஓர் அறை காலியாகவே கிடந்ததற்கு அது இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க வெகு நாளாயிற்று.